அம்புக்குறி மேலே

அவரை நல்ல மனிதர் என்று இன்றைக்கும் திருத்தணியில் நாலு பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவர் என்று சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை. குடிக்க மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். மாதாமாதம் கிருத்திகைக்கு மலையேறிப் போய்விட்டு, மறுநாள் எங்கள் எல்லோருக்கும் விபூதிப் பொட்டலம் கொண்டுவருவார். பல வருஷம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். ஒரு நாளும் என்னை அதட்டிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் ‘ஏம்மா’ தான். இவ்வளவு நல்லவர், குரலைக்கூட உயர்த்தாமல், ஒருத்தியை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டினாற்போல ஒரு ஷெட். தட்டைக் கண்ணாடி தேய்த்துக் கொடுப்பது அங்கே தொழில். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, பெரிய கருவிகளுக்குள்ளே போய் உட்காருகிற கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடியெல்லாம் எங்கள் கணக்கில் மேடும் பள்ளமும்தான். ஒரு தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் என்ன கனம் வருமோ அந்தக் கனத்துக்கு மேடு இருந்தால்கூட வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த மேட்டைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் தடவிப் பார்த்தும் தெரியாது. அதற்குத்தான் லேசர்.

ஏசி போட்ட தனி அறையில், கனமான கல் மேஜை மேல் அந்தக் கருவி இருந்தது. அதன் முகப்பில் ஓர் இரும்பு வளையத்துக்குள் மாஸ்டர் கண்ணாடி. அது முழுத் தட்டை என்பது எங்கள் நம்பிக்கை. நாங்கள் தேய்த்த கண்ணாடியை அதற்கு எதிரே நிறுத்துவோம். இரண்டிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் ஒன்றோடொன்று கலந்து திரையில் சிவப்பும் கறுப்புமாக வரிகள் விழும். வரி நேராக ஓடினால் தட்டை. எங்கே வளைகிறதோ அங்கே மேடு, அல்லது பள்ளம். கம்ப்யூட்டர் அதைக் கணக்குப் போட்டு, மேட்டைச் சிவப்பாகவும் பள்ளத்தை நீலமாகவும் காட்டும்.

ஆனால் வரிகள் சும்மா இருக்காது. ரயில் போனால் நடுங்கும். ஏசிக் காற்று பட்டால் நெளியும். கதவுக்கு வெளியே யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால்கூட உதறும். ஒரே ஒரு படத்தை எடுத்து எதையும் சொல்ல முடியாது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாக நிறையப் படம் எடுத்துச் சராசரி பார்ப்போம். நடுங்குவதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். நிலையாக இருப்பது மிஞ்சும்.

அந்த அறைக்கு அவர்தான் பொறுப்பு. இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, அதை நான் மறைக்கப்போவதில்லை. தூரத்தில் கூட்ஸ் வண்டி ஹாரன் கேட்டதுமே உள்ளங்கையை உயர்த்துவார். அறையில் இருக்கிற எல்லோரும் அப்படியே நிற்போம். கடைசிப் பெட்டி போய், தரை அடங்கி, திரையில் வரிகள் ஒவ்வொன்றாக அமைதியாகும். அதுவரை அவர் கை இறங்காது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே கும்பிடத் தோன்றும்.

அந்தப் பொறுமையை அறையோடு வைத்திருந்தால் ஒன்றும் இல்லை. வெளியேயும் அதையே நம்பினார். எதையும் திரும்பத் திரும்பக் கேட்பார். திரும்பத் திரும்ப அதே பதில் வந்தால் அது உண்மை. கேட்கிற ஆளை மாற்ற மாட்டார், கேள்வியையும் மாற்ற மாட்டார்.

ஒரு தடவை அவருடைய குடை காணாமல் போனது. வாட்ச்மேனைக் கேட்டார். “ஆட்டோல விட்டுட்டு வந்துட்டீங்க சார், அந்தாளு எடுத்துகினு போயிருப்பான்” என்றான். மறுநாளும் அவனையே கேட்டார். அதற்கு மறுநாளும் அவனையேதான். மூன்று தடவையும் அதே பதில். “பொய் சொல்றவன் மாத்தி மாத்தி சொல்வாம்மா. இவன் மாத்தவே இல்ல பாரு” என்று எனக்கு விளக்கம் வேறு. அன்றோடு அந்த ஆட்டோவில் ஏறுவதை நிறுத்திவிட்டார், நாலு பேரிடம் காரணமும் சொன்னார். மழைக்காலம் வந்தது. வாட்ச்மேன் அதே குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்தான். “பாவம், மழைக்கு எடுத்துகினு இருப்பான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆட்டோக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா” என்றார்.

ஒரு பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து காபி கொடுத்தார். முட்டி இரண்டும் வீங்கியிருந்தது. “என்னம்மா இது, டாக்டர்கிட்ட காட்டலியா?” என்று பதறிப்போய்க் கேட்டேன். அந்த அம்மா சிரித்தார்.

“அவரு தெனமும் காத்தால கெளம்பும்போது நல்லா கீறியான்னு கேப்பாரு. செருப்பு மாட்டிகினே கேப்பாரும்மா. நானும் ஆங்னு சொல்லிடுவேன். வேற இன்னா சொல்றது?”

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “ஒரு நாள்கூட இல்லன்னு சொன்னதில்லம்மா இவ” என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

எங்கள் ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பிலும் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டிருப்போம். கருவிக்கு எதிரே நிறுத்தும்போது அம்புக்குறி மேலே இருக்க வேண்டும். இது அவர் போட்ட சட்டம். எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரி நின்றால்தான் படங்களை ஒப்பிட முடியும் என்பார். அதில் தப்பில்லை. ஆனால் காலப்போக்கில் அது ஒரு மடி ஆசாரம் மாதிரி ஆகிவிட்டது. அம்புக்குறி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், தப்பான வாசல் வழியாகக் கோயிலுக்குள் நுழைந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்றைக்கு எல்லா எந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். லேசர் கருவியை மட்டும் நாங்கள் யாரும் தொடக் கூடாது. அவரே குளித்து வந்து, வளையத்தின் மேல் வலது பக்கத்தில் கட்டியாகச் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். ரெண்டு நாள் கழித்து அவரே ஈரத்துணியால் துடைத்தார். அதோடு அதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

ரேவதிக்குக் கெட்ட காலம் அங்கேதான் ஆரம்பித்தது.

ரேவதி கே.ஜி.கண்டிகையிலிருந்து வருகிற பெண். கண்ணாடி தேய்க்கிற பிரிவில் பெரிய வட்டக் கண்ணாடிகள் அவள் பொறுப்பு. மற்றவர்கள் சின்னது தேய்ப்பார்கள். பெரியதைத் தேய்த்து முடித்ததும் சூடு முழுக்க ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டும். சூட்டில் கண்ணாடி ஒரு மாதிரி இருக்கும், ஆறியபின் வேறு மாதிரி ஆகிவிடும். ரேவதி அவசரப்படவே மாட்டாள். தேய்த்த கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, பெற்ற பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோலப் பக்கத்திலேயே இருப்பாள். அவசரக்காரி என்று அவளை அதுவரை யாரும் சொன்னதில்லை.

பூஜைக்குப் பிறகு அவள் தேய்த்த முதல் கண்ணாடியிலேயே, மேல் வலது பக்கம், விளிம்பை ஒட்டி ஒரு சிவப்புத் திட்டு வந்தது. மேடு. எத்தனை படம் எடுத்துச் சராசரி போட்டாலும் அது போகவில்லை. “அந்த எடத்துல கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சு எறக்கும்மா” என்றார். அவள் இறக்கினாள். படம் சுத்தமாக வந்தது, கண்ணாடி பெங்களூர்ப் பக்கம் போனது. அடுத்த கண்ணாடி, அதற்கு அடுத்தது, எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே மேடு. எல்லாவற்றையும் இறக்கினாள்.

“எனக்குப் புரியலக்கா” என்று சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள். “தேய்க்கும்போது கண்ணாடி சுத்திகினே கீது. மேடு வந்தா சுத்திவர வளையமா வரணும். ஒரே எடத்துல மட்டும் எப்படிக்கா வரும்?”

நியாயமான கேள்வி. நானே அவரிடம் போய்ச் சொன்னேன். “சார், ஒரு தடவ கண்ணாடியத் திருப்பி வெச்சுப் பாக்கலாமா? அம்புக்குறிய வலது பக்கம் வெச்சு?”

“எதுக்கும்மா? இத்தன படம் எடுத்தாச்சு. எல்லாத்துலயும் அதே எடந்தான். அது ஆடவே இல்ல பாரு. ஆடாதது எப்படிம்மா பொய்யாவும்?”

“அதுக்கில்ல சார்...”

“அம்புக்குறிய மாத்தினா எல்லாம் கொழம்பிடும்மா” என்று என் தலையைத் தொடாத குறையாக, அவ்வளவு கனிவாகச் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்தக் கனிவை எதிர்த்து என்ன செய்வது?

அப்புறம் பெங்களூரிலிருந்து கண்ணாடிகள் திரும்பி வந்தன. மேடு இல்லை, பள்ளம். ரேவதி எங்கே அழுத்தி இறக்கினாளோ அதே இடத்தில். இங்கே படத்தில் சுத்தமாக இருந்த கண்ணாடி அங்கே போய்ப் பள்ளமாகிறது என்றால், வேறு எவனாக இருந்தாலும் முதலில் தன் கருவியைத்தான் சந்தேகப்படுவான். இவர் ரேவதியைக் கூப்பிட்டார்.

“ஆறவெச்சு குடுக்கறியாம்மா?”

“ஆங் சார். ஆறவெச்சுத்தான் குடுக்கறேன்.”

மறுநாளும் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். வேடிக்கை என்னவென்றால், அவளும் மாற்றாமல் அதே பதிலைத்தான் சொன்னாள். வாட்ச்மேனுக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயம். ஏனென்றால் அவருடைய படம் அவளைவிட அதிகத் தடவை அதே பதிலைச் சொல்லியிருந்தது. “பஸ்ஸப் புடிக்கற அவசரத்துல சூடோட குடுத்துடறாம்மா. இங்க நல்லா இருக்கும், போற வழியில ஆறி மாறிடும்” என்று முதலாளியிடம் சொன்னார். திட்டவில்லை. “நல்ல பொண்ணுதான். கை சரியில்ல, அவ்ளோதான்” என்றார். வாரக் கடைசியில் ரேவதியை நிறுத்திவிட்டார்கள். அவள் தேய்த்த கடைசிக் கண்ணாடி, மேட்டை இறக்காமல், அலமாரியில் அப்படியே கிடந்தது.

அந்தப் பெரிய கண்ணாடி வேலையை மணி என்கிறவனுக்குக் கொடுத்தார்கள். அவன் தேய்த்த முதல் கண்ணாடியிலும் மேல் வலது பக்கம் அதே சிவப்புத் திட்டு. இப்போதாவது இந்த மனுஷனுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். திரையைப் பார்த்துத் தலையாட்டினார். “அவகிட்ட கத்துகினவன்தானே. அவ பழக்கம் ஒட்டிகிச்சு” என்றார்.

அன்றைக்கு என் உடம்பெல்லாம் எரிந்தது. வரப்போகும் கிருத்திகைக்காகக் காத்திருந்தேன். அவர் மலைக்குப் போன அன்று காலை, அலமாரியிலிருந்து ரேவதியின் கண்ணாடியை எடுத்தேன். முதலில் அம்புக்குறி மேலே வைத்துப் படம் எடுத்தேன். மேல் வலது பக்கம் மேடு. பிறகு கண்ணாடியைச் சுழற்றி அம்புக்குறியை வலது பக்கம் வைத்தேன். மேடு கண்ணாடியில் இருந்தால் அதோடு சேர்ந்து கீழே இறங்கி வர வேண்டும். ரயில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, நிறையப் படம் எடுத்துச் சராசரி போட்டேன், எல்லாம் அவரிடம் கற்ற மாதிரியே.

மேடு நகரவே இல்லை. கண்ணாடி திரும்பியது, மேடு மட்டும் அதே மேல் வலது மூலையில் உட்கார்ந்திருந்தது. அது ரேவதியின் கண்ணாடியில் இல்லை. எங்கள் மாஸ்டரில் இருந்தது. மற்றவர்களின் சின்னக் கண்ணாடிகள் மாஸ்டரின் நடுப்பகுதிக்கு எதிரேதான் நிற்கும். விளிம்பு வரைக்கும் எட்டியது ரேவதியின் பெரிய கண்ணாடி மட்டும். நல்ல கண்ணாடியை எல்லாம் அவள் கையாலேயே பள்ளம் தோண்ட வைத்திருக்கிறோம்.

மறுநாள் விபூதிப் பொட்டலத்தோடு வந்தவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் இரண்டு படத்தையும் காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார்.

“ரெண்டு படத்தையும் அம்புக்குறி மேல வர மாதிரி திருப்பிச் சேத்து ஒரு சராசரி போடும்மா” என்றார்.

போட்டேன். மேடு ரெண்டு இடமாகப் பிரிந்து, அனுப்பலாம் என்கிற அளவுக்குப் பாதியாகக் குறைந்தது. “பாரு, பாஸ் ஆயிடுச்சு” என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. “வளையத்தக் கழட்டுங்க சார். இப்பவே கழட்டுங்க. இல்லன்னா நான் கழட்டுவேன்” என்று கத்தினேன். கத்தியது வெளியே கேட்டு மணி ஓடி வந்தான். அவர் திருகுகளைக் கழற்றினார். வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, மேல் வலது பக்கம், ஒரு சில்லு காய்ந்து இறுகிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளாக, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பாக. ஆயுத பூஜைச் சந்தனம். ஈரமாக உள்ளே வழிந்து, காய்ந்து, கண்ணாடியை அந்த ஒரு இடத்தில் நெருக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் அதை நகத்தால் பெயர்த்து எடுத்தார். தப்பு தன்னுடையது என்று இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அந்தச் சில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “முருகா” என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “எல்லாம் நல்லதுக்குத்தாம்மா. ரேவதிய வரச் சொல்லிடலாம்” என்றார். என்னமோ அவளுக்குப் பிரசாதம் கொடுக்கிற மாதிரி.

அவளைத் தேடி நான் போனேன். ஆர்.கே.பேட்டையில் ஒரு பவர்லூம் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“எங்க நைனாவே கேட்டாருக்கா, அவசரப்பட்டுட்டியாம்மான்னு. அப்புறம் எனக்கே டவுட் வந்துடுச்சு. இப்பெல்லாம் அடுப்புல கேஸ மூடினேனான்னு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போய்ப் பாக்கறேன். இந்தக் கையவே நம்ப முடியல.”

“உன் கை நல்ல கைடி. படத்துலயே பாத்துட்டேன்.”

“நீ சொல்றக்கா. அவரு சொல்லட்டும். ரேவதி ஆறவெச்சுத்தான் குடுத்தா, தப்பு என்னுதுன்னு அங்க எல்லார் முன்னாடியும் அவரு வாயால சொல்லட்டும். நாளைக்கே வந்துடறேன்.”

அதை அப்படியே அவரிடம் வந்து சொன்னேன். “சொல்லிடலாம்மா” என்றார். கொஞ்ச நாள் கழித்து ஞாபகப்படுத்தினேன். “சொல்லிடலாம்மா” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் நானும் வேலையை விட்டுவிட்டு, சென்னைக்கு ரயிலில் போய் வருகிற வேறு வேலை தேடிக்கொண்டேன்.

இந்த ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம், ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகிவிட்டார். நெற்றி நிறைய விபூதி, அதே சிரிப்பு.

“ரேவதி எப்படிம்மா கீறா?”

“தறியிலதான் சார் இருக்கா.”

“நானும் எத்தன தடவ போன் பண்ணேன் தெரியுமாம்மா? ஒவ்வொரு தடவையும் வரலன்னு அதே பதில். அவளுக்கே இஷ்டம் இல்ல, நான் இன்னா பண்றது?”

“என்னன்னு சார் கேட்டீங்க?”

“வேலைக்கு வரியாம்மான்னு.”

“எல்லாத் தடவையும் அதேவா?”

“ஆங். வேற இன்னாத்த கேக்கறது?”

“தப்பு என்னுது, உன் கை நல்ல கைன்னு சொல்லிட்டு ஒரே ஒரு தடவ கேட்டிருக்கலாம் சார். அதுக்கு அவ என்ன சொல்லுவான்னு உங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவ பொழைப்பக் கெடுத்தது மட்டும் இல்ல, அவ கையவே அவ நம்பாம பண்ணிட்டீங்க” என்று ஆரம்பித்தேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரேணிகுண்டா பக்கமிருந்து கூட்ஸ் வண்டியின் ஹாரன் கேட்டது. அவர் உள்ளங்கையை உயர்த்தினார். பழைய பழக்கம். பிளாட்பாரம் அதிர, பெட்டி பெட்டியாக வண்டி போய்க்கொண்டே இருந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு, கை இறக்காமல் நின்றார். கடைசிப் பெட்டி போனது. தரை அடங்கியது. எனக்கும் மூச்சு வாங்கி, பேச்சு நின்றது.

அவர் கையை இறக்கினார். “அப்புறம்மா, வீட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?” என்றார்.

“இல்ல சார்” என்றேன்.

“ரொம்ப சந்தோஷம்மா” என்று சொல்லி, என் கையில் ஒரு விபூதிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்.